மூன்றில் இரண்டு பங்கு கையெழுத்து வாங்கும் முன்

சென்னையின் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தலைவர், செயலாளர், பொருளாளர் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் வேலைக்குச் சம்பளம் கிடையாது. சம்ப் நிரம்பாவிட்டாலும், லிஃப்ட் நின்றாலும், வாட்ச்மேன் வராவிட்டாலும் முதல் போன் உங்களுக்குத்தான் வரும். அடுக்குமாடிச் சங்கங்களின் பத்திரங்களையும் தகராறுகளையும் பார்த்து வரும் சிவில் வழக்கறிஞர் நான். உங்கள் பாடு எனக்கு ஓரளவு தெரியும். இப்போது என்னிடம் வரும் சங்கத்தார் பெரும்பாலும் ஒரே விஷயத்துக்காக வருகிறார்கள். மாம்பலம், நங்கநல்லூர், அண்ணா நகர், அடையாறு, எந்தப் பகுதியானாலும் பேச்சு ஒன்றுதான்: பழைய கட்டடத்தை பில்டரிடம் கொடுத்து இடித்துப் புதிதாகக் கட்டுவது. "மேடம், எங்க ஃபிளாட் ரீடெவலப்மென்ட்டுக்குப் போகுது. பில்டர் டிராஃப்ட் கொடுத்திருக்கார். ஒரு தடவை பாத்துச் சொல்லிடுங்க."

டிராஃப்டைப் புரட்டுவதற்கு முன் நான் சில கேள்விகள் கேட்பேன். பல சமயம் அவற்றுக்குப் பதில் இருக்காது. அந்தக் கேள்விகளை உங்கள் எல்லாரிடமும் சேர்த்துக் கேட்டுவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டம் இருந்தவரை, பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட எல்லா உரிமையாளரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தால் மற்ற எல்லாரும் ஒழுகும் கூரையின் கீழ் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 2022ஆம் ஆண்டின் புதிய சட்டம் இதை மாற்றியது. அது 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது, விதிகள் அதே ஆண்டில் பின்னர் வந்தன. இப்போது உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் போதும். பதினெட்டு வீட்டில் பன்னிரண்டு வீடு. இதற்கு முன்பே, 2019இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள், உயரம் குறைந்த கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்று நாம் எஃப்எஸ்ஐ என்ற பெயரில் சொல்வதை, ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்த்தியிருந்தன. அதே மனையில் கூடுதல் பரப்பு கட்டலாம், கூடுதல் வீடுகளை விற்கலாம். பில்டர்கள் உங்கள் தெருவைத் தேடி வருவதற்குக் காரணம் இதுதான்.

மாற்றம் வேண்டிய மாற்றம் என்றே நினைக்கிறேன். தூண் வெடித்த கட்டடத்தில் ஒருவருடைய பிடிவாதத்துக்காகப் பதினேழு குடும்பம் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. ஆனால் இந்த அதிகாரத்தைச் சட்டம் கொடுத்திருப்பது உரிமையாளர்களுக்கு, அவர்கள் சேர்ந்த சங்கத்தின் வழியாக. செயலாளருக்கோ கமிட்டியில் இருக்கும் மூன்று பேருக்கோ கொடுக்கவில்லை. பில்டருக்குக் கொடுக்கவே இல்லை. மூன்றில் இரண்டு பங்கு கையெழுத்து சேர்ந்த பிறகும் மிச்சம் உள்ளவர்கள் உரிமையாளர்களாகத்தான் இருக்கிறார்கள். அவர்கள் பெயரில் பதிவான கிரயப் பத்திரம் இருக்கிறது, நிலத்தில் பங்கு இருக்கிறது. எந்த வழியில் அந்தக் கையெழுத்துகள் வந்தன என்பதைப் பிற்பாடு ஒரு நீதிபதி கேட்பார். அப்போது காட்ட உங்களிடம் என்ன இருக்கும்?

அதனால் என் முதல் கேள்வி: சங்கம் உயிரோடு இருக்கிறதா?

உங்கள் சங்கம் பெரும்பாலும் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவாகியிருக்கும். பதிவு எண் லெட்டர்ஹெட்டில் இருக்கும். அத்தோடு சரி. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், தணிக்கை செய்த கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும், நிர்வாகிகள் மாறினால் தெரிவிக்க வேண்டும். நான் பார்க்கும் கோப்புகளில் கடைசித் தாக்கல் எட்டுப் பத்து வருடத்துக்கு முன்னால் நிற்பது சாதாரணம். பதிவாளர் அலுவலகக் கணக்கில் செயலாளராக இருப்பவர் வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூர் போயிருப்பார். இப்போது செயலாளராக இருப்பவரை யார், எந்தத் தேதியில், எத்தனை பேர் கூடித் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டால், "எல்லாரும் வாட்ஸ்அப்ல ஓகே சொன்னாங்க மேடம்" என்பார்கள்.

மினிட்ஸ் புத்தகத்தைக் கொண்டு வரச் சொன்னால் ஒரு நீள நோட்டு வரும். முதல் பத்துப் பக்கம் அழகான கையெழுத்தில் இருக்கும்: தேதி, வந்தவர் பெயர், தீர்மானம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர். அப்புறம் இரண்டு பக்கம் பெயின்ட் செலவு. அப்புறம் வெற்றுத் தாள்கள். கடைசிப் பக்கத்தில் வாட்டர் டேங்கர்காரரின் போன் நம்பர். இந்த நோட்டை வைத்துக்கொண்டு கோடிக்கணக்கில் மதிப்புள்ள ஒப்பந்தத்தில் சங்கம் கையெழுத்துப் போடப் போகிறது என்றால் எனக்குப் பகீரென்கிறது. சங்கத்தின் அதிகாரம் அந்த நோட்டில் எழுதியிருக்கும் தீர்மானத்திலிருந்து மட்டுமே வருகிறது. எழுதாத தீர்மானத்தின் பேரில் செயலாளர் போடும் கையெழுத்து அவருடைய சொந்தக் கையெழுத்தாகவே பார்க்கப்படும் ஆபத்து உண்டு. நஷ்டஈடு கேட்டு யாராவது வழக்குப் போட்டால் பிரதிவாதி வரிசையில் உங்கள் பெயர், உங்கள் அப்பா பெயரோடு இருக்கும்.

ஆகவே பில்டரை உட்கார வைப்பதற்கு முன் விடுபட்ட தாக்கல்களை முடியுங்கள். முறையாக அறிவிப்புக் கொடுத்துப் பொதுக்குழு கூட்டுங்கள். தேர்தல் நடத்துங்கள். புதிய அடுக்குமாடிச் சட்டத்தின்படி உங்கள் சங்கம் செய்ய வேண்டிய பதிவு என்ன என்பதைப் பதிவுத்துறையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில மாதங்கள் பிடிக்கும். பில்டர் அவசரப்படுத்துவார், "ஆஃபர் இந்த மாசம் வரைதான் சார்" என்பார். நாற்பது வருடம் நின்ற கட்டடம் இன்னும் சில மாதம் நிற்கும்.

(இடையில் ஒன்று. ஜிஎஸ்டி பயத்தில் பல சின்னச் சங்கங்கள் வங்கிக் கணக்கே வைத்துக்கொள்ளாமல் பணத்தைக் கையில் வாங்கிச் செலவழிக்கின்றன. மாத மெயின்டனன்ஸ் ஒரு வீட்டுக்கு 7,500 ரூபாய்க்குள் இருந்தால் அதற்கு வரிவிலக்கு உண்டு. தாண்டினாலும், தாண்டிய தொகைக்கு மட்டும்தான் வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. உங்களில் பெரும்பாலோர் இரண்டாயிரமோ மூவாயிரமோதான் வசூலிக்கிறீர்கள். பயப்படாமல் சங்கத்தின் பெயரில் பான் எண் வாங்குங்கள், வங்கிக் கணக்கு வையுங்கள், ரசீது கொடுங்கள்.)

இரண்டாவது கேள்வி நிலத்தைப் பற்றியது. இதில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன், நீங்களும் செலவழிக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டின் கிரயப் பத்திரத்திலும் பிரிக்கப்படாத நிலப் பங்கு, அதாவது யூடிஎஸ், எழுதியிருக்கும். எல்லா வீட்டுப் பத்திரத்தையும் மேசையில் வைத்துக் கூட்டிப் பார்த்தீர்களா?

இரண்டு கிரவுண்டு மனை என்றால் 4,800 சதுர அடி. பன்னிரண்டு வீட்டுப் பங்கையும் கூட்டினால் 4,800 வர வேண்டும். 4,560தான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 240 சதுர அடி யாருடையது? எண்பதுகளில் கட்டிக் கொடுத்தவர் விற்காமல் தன் பெயரிலேயே வைத்திருக்கலாம், அல்லது பழைய நில உரிமையாளரின் பெயரில் நிற்கலாம். அவர்கள் இறந்திருந்தால் வாரிசுகள் எங்கேயோ இருப்பார்கள். சில பத்திரங்களில் மொட்டை மாடி உரிமை ஒரு வீட்டுக்கு மட்டும் தனியாக எழுதப்பட்டிருக்கும். சிலவற்றில் கூட்டினால் 4,800ஐத் தாண்டும், ஒரே நிலத்தை இரண்டு பேருக்கு எழுதியிருப்பார்கள். இதையெல்லாம் கட்டடம் நிற்கும் காலத்தில் யாரும் கவனிப்பதில்லை. இடித்துக் கட்டும்போது புது வீட்டின் அளவு இந்தப் பங்கை வைத்துத்தான் பேசப்படும். அப்போது இத்தனை வருடம் ஒருவருக்கொருவர் தீபாவளிப் பலகாரம் கொடுத்துக்கொண்ட குடும்பங்கள் வக்கீல் நோட்டீஸ் பரிமாறிக்கொள்ளும். கணக்கை முன்னாலேயே போட்டுப் பொதுக்குழுவில் வையுங்கள். குறைபாடு இருந்தால் பிழைதிருத்தல் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ எழுதித் தீர்க்க வழி இருக்கிறது. ஒப்பந்தம் போட்ட பிறகு அதே வேலைக்கு மூன்று மடங்கு காலம் ஆகும்.

கையெழுத்துப் போடுபவர் உண்மையில் உரிமையாளர்தானா என்பதையும் பாருங்கள். பழைய கட்டடங்களில் பல வீடுகள் இன்னும் காலமான அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோ இருக்கின்றன. ஒரு மகன் அந்த வீட்டில் குடியிருக்கிறார் என்பதற்காக அவர் மட்டும் கையெழுத்துப் போட முடியாது. எல்லா வாரிசும் வேண்டும், கல்யாணமாகிப் போன பெண்களும் சேர்த்து. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை அங்கேயே எழுதி அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அலமாரியில் வைத்து மறந்துவிடுகிறார்கள், பிறகு மறுபடி தூதரகத்தில் நேரம் வாங்கி எழுத வேண்டியிருக்கிறது. வீட்டுக்கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும், அசல் பத்திரம் அவர்களிடம்தான் இருக்கிறது.

மூன்றாவது கேள்வியைக் கேட்கும்போது அறையில் கொஞ்சம் அமைதியாகிவிடும். கையெழுத்துப் போடாதவர்களை என்ன செய்தீர்கள்?

ஒரு குடியிருப்புக்குப் போயிருந்தேன். எந்தப் பகுதி என்று சொல்லப் போவதில்லை. இரண்டாம் மாடியில் தனியாக இருக்கும் ஒரு மாமி சம்மதம் தரவில்லை. மெயின்டனன்ஸ் பாக்கியும் இருந்தது. அவருடைய வீட்டுக்குத் தண்ணீர் போகும் குழாயின் வால்வை மாடியில் மூடி, கைப்பிடியையும் கழற்றி வைத்துவிட்டார்கள். வீட்டுக்குள் போனால் நடையெல்லாம் குடம், பக்கெட், சமையலறையில் இருபது லிட்டர் கேன்கள் அடுக்கியிருந்தன. வேலைக்கு வரும் பெண் கீழேயிருந்து தூக்கிக்கொண்டு வந்து ஊற்றுகிறார். கீழே நோட்டீஸ் போர்டில் மாமியின் பெயரும் பாக்கித் தொகையும் பெரிய எழுத்தில். செயலாளர் நல்ல மனிதர்தான், வருத்தத்தோடுதான் சொன்னார்: "வேற வழி இல்லை மேடம். சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க."

வேறு வழி இருந்தது. தண்ணீரை நிறுத்தும் அதிகாரம் எந்தச் சங்கத்துக்கும் கிடையாது. பைலாவில் எழுதி வைத்திருந்தாலும் அது உங்களைக் காப்பாற்றாது. தண்ணீர் வாழ்வுரிமையில் அடங்கியது, அதை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு காக்கிறது. வாடகைதாரரிடம் கூட வீட்டுக்காரர் தண்ணீர், மின்சாரம், படி, லிஃப்ட் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டு வாடகைச் சட்டமே சொல்கிறது. அப்படியிருக்க, சொந்த வீட்டில் இருப்பவருக்கு எப்படி நிறுத்துவீர்கள்? அந்த மாமி ஒரு வழக்குப் போட்டால் முதல் விசாரணையிலேயே இடைக்கால உத்தரவு கிடைக்கும். அதைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. நீங்கள் மற்றவர்களிடம் வாங்கிய கையெழுத்துகளும் இப்படி மிரட்டி வாங்கியவைதான் என்று வாதாட அவருடைய வழக்கறிஞருக்கு நீங்களே ஆதாரம் கொடுத்துவிட்டீர்கள்.

பாக்கியை வசூலிக்கும் வழி வேறு, சம்மதம் கேட்கும் வழி வேறு. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள். பாக்கிக்குப் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, கணக்குக் காட்டி, பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பணம் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அன்றிலிருந்து மறுபடி மூன்று வருடம் கிடைக்கும். வழக்குக்குப் போகும் முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனுக் கொடுத்தால் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, நீதிமன்றக் கட்டணமும் கிடையாது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரும் தரும். இந்த வழியை இவ்வளவு குறைவான சங்கங்கள் பயன்படுத்துவது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

சம்மதம் தராதவர்களிடம் போய் உட்கார்ந்து காரணத்தைக் கேளுங்கள். எண்பது வயதில் இரண்டு முறை வீடு மாற வேண்டியிருக்கிறது. அந்த வயதில் தனியாக இருப்பவருக்கு வாடகைக்கு வீடு கொடுக்கத் தயங்குகிறார்கள். பில்டர் பாதியில் விட்டுவிட்டால் தன் ஆயுளுக்குள் திரும்பி வருவோமா என்ற பயம். இவை பிடிவாதம் இல்லை, ஒப்பந்தத்தில் பதில் எழுத வேண்டிய நியாயமான கேள்விகள். அருகிலேயே வாடகை வீட்டைப் பில்டரே பார்த்துக் கொடுப்பது, வீடு மாற்றும் செலவை ஏற்பது, திரும்பி வரும்போது கீழ்த் தளத்திலேயே வீடு ஒதுக்குவது, இதையெல்லாம் எழுத்தில் கொடுத்த பிறகு சம்மதித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கீழ்த் தளத்தில் கடை இருக்கிறதா? பல கட்டடங்களில் தெருவைப் பார்த்து ஒரு மெடிக்கல், ஒரு ஜெராக்ஸ் கடை, தையல்கடை இருக்கும். பேச்சுவார்த்தையில் அவர்களை யாரும் நினைப்பதில்லை. கடையின் உரிமையாளர் கையெழுத்துப் போட்டுவிடுவார், வாடகைக்கு நடத்துபவருக்கு ஷட்டரை எப்போது இறக்க வேண்டும் என்று கடைசியில்தான் தெரியும். 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் கடைகளுக்கும் பொருந்தும். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்யச் சொல்ல உரிமையாளருக்கு வழி இருக்கிறது, ஆனால் அது வாடகை நீதிமன்றம் வழியாக. பூட்டை மாற்றுவது வழி ஆகாது.

கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. இருபது வருடமாக வாய்ப்பேச்சில் வாடகை கொடுத்து வந்தால் உங்கள் கையில் எதுவும் இல்லை. வங்கி வழியாக வாடகை கட்டுங்கள், ரசீது வாங்குங்கள், ஒப்பந்தத்தை எழுதிப் பதியுங்கள். முன்பணம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதற்கு ஆதாரம் வையுங்கள், காலி செய்யும் நாளில் அதுதான் தகராறு. மருந்துக் கடை உரிமம் அந்த இடத்துக்குத்தான் கொடுக்கப்படுகிறது, உணவுப் பாதுகாப்பு உரிமமும் அப்படியே. இடம் மாறினால் புது இடத்துக்கு உரிமம் வாங்க வேண்டும், ஜிஎஸ்டி பதிவில் முகவரியை மாற்ற வேண்டும். அதுவரை கடை திறக்க முடியாது. சங்கத்தார் மனது வைத்தால் ஆறு மாதத்துக்கு முன்பே எழுத்தில் தேதி சொல்லலாம். ஒரு குடும்பத்தின் பிழைப்பு அதில் அடங்கியிருக்கிறது.

இனி டிராஃப்டுக்கு வருகிறேன். எழுபது பக்கத்தில் நான் முதலில் திறந்து பார்ப்பது பவர் பத்திரத்தைப் பற்றிய ஷரத்தை. பெரும்பாலும், உங்கள் மொத்த நிலப் பங்கின் மேலும் விற்க, அடமானம் வைக்க, எல்லாவற்றுக்கும் பில்டருக்கு முழு அதிகாரம் என்று இருக்கும். அப்படிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். திட்ட அனுமதி வாங்கவும், கட்டவும், பில்டர் பங்குக்கு உரிய நிலத்தை மட்டும் விற்கவும் அதிகாரம் கொடுத்தால் போதும். அதையும் வேலை முன்னேற முன்னேறப் படிப்படியாகக் கொடுக்கலாம். உங்கள் பங்கை அடமானம் வைக்கக் கூடாது என்று தெளிவாக எழுதுங்கள். ஒப்பந்தமும் பவரும் பதிவாக வேண்டும்.

அடுத்தது ரெரா, அதாவது வீடு கட்டி விற்பவர்களை ஒழுங்குபடுத்தும் ரியல் எஸ்டேட் சட்டம். இங்கே சென்னைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நிலம் 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ வீடுகள் எட்டுக்குள் இருந்தாலோ ரெராவில் பதிய வேண்டியதில்லை என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் விலக்குத் தருகிறது. 500 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 5,380 சதுர அடி. நம் இரண்டு கிரவுண்டு மனைகள் அதற்குள் அடங்கிவிடும். வாங்குபவர்களிடம் வசூலித்த பணத்தில் எழுபது சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், வீட்டை ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால் முப்பது நாளில் இலவசமாகச் சரி செய்ய வேண்டும் என்பவை எல்லாம் ரெரா தரும் பாதுகாப்பு. உங்கள் மனை அதற்கு வெளியே நின்றால், அதே பாதுகாப்பை ஒப்பந்தத்தில் வரி வரியாக எழுதி வாங்குங்கள். மறுக்கும் பில்டர் ஏன் மறுக்கிறார் என்று பொதுக்குழுவில் கேளுங்கள். மனை பெரியதாக இருந்தால் பதிவு எண் வரும் வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.

வாடகை விஷயம்: கட்டி முடிக்கும் வரை மாத வாடகை தருவதாக எல்லா டிராஃப்டும் சொல்லும். தாமதமானாலும் தொடர்ந்து தருவாரா, ஆண்டுக்கு ஆண்டு ஏற்றம் உண்டா, தராவிட்டால் எதை வைத்து வசூலிப்பது என்பதுதான் கேள்வி. வங்கி உத்தரவாதம் கேளுங்கள். புது வீட்டின் அளவைக் கார்பெட் ஏரியாவில், அதாவது வீட்டுக்குள் புழங்கும் பரப்பில், எழுதச் சொல்லுங்கள், சூப்பர் பில்ட்அப்பில் எழுதினால் பால்கனியும் படியும் உங்கள் கணக்கில் ஏறிவிடும். கார் நிறுத்தும் இடத்தைத் தனி விலைக்கு விற்கும் ஷரத்து இருந்தால் அடித்துவிடுங்கள். திறந்தவெளி பார்க்கிங், கட்டடத்தின் அடியில் தூண்களுக்கு இடையே உள்ள ஸ்டில்ட் பார்க்கிங் இரண்டும் பொது இடம், பில்டர் தனியே விற்க முடியாது என்று 2010இலேயே ஒரு மும்பை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வருமான வரியை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள், அதுவும் கையெழுத்துக்கு முன்னால். பில்டரின் ஆடிட்டர் சொல்வது போதாது. கட்டடம் பாழடைந்துவிட்டது என்ற பொறியாளர் அறிக்கைக்கும் இதே விதிதான், சங்கம் தன் செலவில் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அமர்த்திக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரீடெவலப்மென்ட் பேச்சு தொடங்கியதுமே "இடிக்கத்தானே போறோம்" என்று பராமரிப்பை நிறுத்திவிடுகிறார்கள். பேச்சு ஆரம்பித்து இடிக்கும் நாள் வர இரண்டு மூன்று வருடம் சர்வசாதாரணமாக ஆகிறது. அதுவரை சன்ஷேடு விழுந்தால், பால்கனி சாய்ந்தால், கீழே போகிறவருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பு ஒன்று இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைப் பார்த்து முன்கூட்டியே எல்லாரும் வெளியேறியதால் மட்டுமே உயிர்கள் தப்பின. தொண்ணூறுகளில் கட்டிய கட்டடம் அது. உங்களுடையது அதைவிடப் பழையதாகவும் இருக்கலாம்.

அப்புறம் செப்டிக் டேங்க். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத புறநகர்க் கட்டடங்களில் இன்றும் அடைப்பு என்றால், ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்து ஆளை இறக்குகிறார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஒருவரை வேலைக்கு அமர்த்துவதை அடியோடு தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அமர்த்தியவர் என்றால் கான்ட்ராக்டர் மட்டும் என்று எண்ணாதீர்கள், கூப்பிட்ட செயலாளரும் அதில் வருவார். உள்ளே இறங்கி இறப்பவர்களின் குடும்பத்துக்கு முப்பது லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. தண்டனைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. விஷவாயுவில் முதலில் இறங்கியவர் மயங்குவார், அவரைத் தூக்க இறங்குபவரும் மயங்குவார். நம் மாநிலத்தில் இப்படி எத்தனை பேரை இழந்துவிட்டோம். லாரியைக் கூப்பிடுங்கள், இயந்திரம் வரும் வரை காத்திருங்கள். இடிக்கப் போகும் கட்டடத்துக்காகவும் ஓர் உயிர் போகக் கூடாது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த பொதுக்குழுவுக்கு முறையான அறிவிப்புக் கொடுங்கள். கையெழுத்துப் போட்டவர், போடாதவர், வெளிநாட்டில் இருப்பவர், பாக்கி வைத்தவர் என்று பார்க்காமல் ஒவ்வோர் உரிமையாளருக்கும் நிலப் பங்குக் கணக்கையும் டிராஃப்டையும் முன்கூட்டியே அனுப்புங்கள். பில்டரோடு பேசும் குழுவில் சம்மதிக்காதவர்களிலிருந்து ஒருவரைக் கட்டாயம் சேருங்கள். வந்த எல்லா விலைகளையும், நிராகரித்தவற்றையும் காரணத்தோடு மினிட்ஸில் எழுதுங்கள். பில்டர் தரப்பிலிருந்து கமிட்டியில் யாருக்காவது தனிச் சலுகை தருவதாகச் சொல்லியிருந்தால் அதையும் அங்கேயே எழுதுங்கள். டிராஃப்டின் முக்கிய ஷரத்துகளைத் தமிழிலும் எழுதி எல்லாருக்கும் கொடுங்கள். ஆங்கிலத்தில் எழுபது பக்கம் படிக்க முடியாத ஒருவரிடம் வாங்கிய கையெழுத்தை நாளை நீதிமன்றத்தில் என்னால் காப்பாற்றித் தர முடியாது.

அன்புடன்,
ஒரு சிவில் வழக்கறிஞர்,
சென்னை